மச்சான் முறை

வலன்ரைன் ஒரு கையில் அலுமினியச் சட்டியும் மறு கையில் அகப்பையுமாக லாயத்துக்குப் பின்னாலிருந்த மணல் வளவில் நின்றான். வேலியில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் தவிலும் நாதஸ்வரமும் அலறின. அந்தத் தாளத்தோடு சேர்ந்து சட்டியில் தட்டிக்கொண்டே வெள்ளைக் குதிரையைச் சுற்றிச் சுற்றி நெருங்கினான். குதிரை காதைப் பின்னால் மடித்தால் ஒரு அடி பின்வாங்குவான். காது முன்னால் வந்தால் ஒரு அடி கிட்டப் போவான். தொடுகிற தூரம் வந்ததும் சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து கரட் துண்டொன்றை எடுத்து நீட்டுவான். சத்தம் வந்தால் கரட் வரும் என்பது அதன் மண்டையில் ஏறினால் போதும். ஒரு மிருகத்தைத் தமிழ்க் கொண்டாட்டத்துக்குத் தயார்படுத்த அவனுக்கு வேறு வழி தெரியாது.

லாயம் மொன்ட்ரியால் தீவின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. முன்தெருவில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் நாள் முழுக்க உறுமும். லாயத்துக்குச் சொந்தக்காரர் றெஜான் என்ற வெள்ளைக்காரர். அவருடைய அப்பாவும் குதிரை வியாபாரி, அப்பாவின் அப்பாவும் குதிரை வியாபாரி. பந்தயத்தில் தோற்றுத் தோற்று எவருக்கும் வேண்டாமல் போன குதிரைகளை ஏலத்தில் மலிவாக எடுத்து, சாரட்டு இழுக்கவோ பிள்ளைகள் ஏறி ஓடவோ பழக்கி, நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது அவர்களுடைய பரம்பரைத் தொழில். வாங்க வந்தவனுக்குக் குதிரையின் வயதைச் சொல்லும்போது றெஜானின் முகத்தில் கோயிலில் நிற்கிற பக்தி தெரியும். சொல்கிற வயதில்தான் உண்மை இருக்காது. பழக்கத்துக்கு வராத குதிரைகளை ஏற்றிப்போக இறைச்சிக்காரனின் லொறி மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகும். அதில் ஏறிய குதிரையின் பெயரை அதன் பிறகு லாயத்தில் யாரும் எடுப்பதில்லை.

வலன்ரைன் மட்டக்களப்புத் தாண்டவன்வெளிக்காரன். கனடாவுக்கு வரும்வரை குதிரையைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் சாணி அள்ள ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி இங்கே வந்தான். வந்தவன் அள்ளினான், பிறகு தேய்த்துக் குளிப்பாட்டினான், பிறகு பூட்டினான், பிறகு பழக்கினான். பழைய துறைமுகத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற குதிரை வண்டிகளை நகரசபை தடை செய்தபோது மற்ற வேலைக்காரர்கள் எல்லோரும் விலகிப் போனார்கள். அவன் மட்டும் மிஞ்சினான். பஞ்சாபி மாப்பிள்ளைகளுக்கும் பெரியபிள்ளையான தமிழ்ப் பிள்ளைகளின் சாமத்திய வீடுகளுக்கும் குதிரை கொடுக்கலாம் என்று றெஜானுக்கு யோசனை சொன்னவனும் அவன்தான். சம்பளம் கைக்குக் கைதான். அவன் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. கேட்டால் றெஜான் தோளில் தட்டி, நீ என் குடும்பம் என்பார்.

வெள்ளைக் குதிரையின் பந்தயப் பெயர் பெர்ல். வலன்ரைன் முத்து என்று கூப்பிட்டான். பெட்டை. சாதுதான், ஆனால் போன கோடையில் பஞ்சாபிக் கலியாணம் ஒன்றில் வாணவேடிக்கைக்கு வெருண்டு மாப்பிள்ளையை இறக்கிவிட்டது. அதைத் திரும்பவும் பழக்க அவகாசம் கேட்டு வலன்ரைன் றெஜானின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி அலைந்தான். கடைசியில் றெஜான் கோப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: இன்னும் ஒரு தடவை. அதிலும் பிசகினால் அடுத்த லொறி. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. புல் விலை ஏறியிருப்பதைச் சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னார்.

வலன்ரைனுக்கு முத்துவில் ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரிந்த ஆசை. காலையில் கதவைத் திறந்தவுடன் அது நெற்றியைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் வைத்து முழுப் பாரத்தையும் சாய்க்கும். அப்படி அவனிடம் சாய்ந்தவர்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. பெண்சாதி றோசலின்கூட வேலைக்களைப்பில் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள்.

அந்த ஒரு தடவை தங்கராசா வீட்டுச் சாமத்திய வீடாக வந்தது. தங்கராசாவுக்குக் கோட்-டே-நேஜில் பலசரக்குக் கடை, நோத்ர-டாம்-த-கிரேஸில் சொந்த வீடு. ஒரே பெண்பிள்ளை. மண்டபம், ட்ரோன் கமெரா, ரொறன்ரோவிலிருந்து மேளக்காரர், எல்லாம் ஏற்பாடு. சாரட்டும் வெள்ளைக் குதிரையும் வேண்டும் என்றார். வீடியோவுக்கு எடுப்பாக இருக்க, குதிரை பிடிக்கிறவர் வேட்டி கட்டித் தலைப்பாகையும் வைக்க வேண்டும் என்றார். வலன்ரைன் சம்மதித்தான். தவில், சேமக்கலம், பலூன் வெடிப்பது, ட்ரோன் இரைவது என்று ஒவ்வொன்றாக முத்துவுக்குப் பழக்கினான். நெருப்புக்கிட்ட மட்டும் விடக்கூடாது என்று தங்கராசாவிடம் போனில் இரண்டு தரம் சொன்னான். ஓம் ஓம் என்றார் தங்கராசா.

செப்டெம்பர் கடைசியில், சென்-லோறோன் பக்கம் பண்டகசாலைகளுக்கு நடுவிலிருந்த மண்டபத்தில் கொண்டாட்டம் நடந்தது. குதிரை வண்டிக்கு நகரசபை தெருவை விடாது. ஆகவே சாரட்டு மண்டபத்தின் கார்ப்பார்க்கையே மூன்று சுற்றுச் சுற்றிவந்து வாசலில் நிற்பதென்று ஏற்பாடு. குப்பைத்தொட்டிகளைப் பட்டுத்துணி போட்டு மறைத்திருந்தார்கள். கார்ப்பார்க் மூலையில் வாழைமரம் கட்டியிருந்தது. றெஜான் உயரத் தொப்பி வைத்து வண்டியோட்டும் ஆசனத்தில் இருப்பார், வலன்ரைன் முன்னால் முத்துவின் தலையைப் பிடித்து நடப்பான்.

மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தங்கராசாவின் ஆட்கள் றெஜானைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போய், முன்வரிசை மேசையில் இருத்தி, அவருக்கென்று முள்ளும் கரண்டியும் தேடிக் கொடுத்தார்கள். பின்னாலேயே போன வலன்ரைனை வாசலில் ஒருவர் மறித்தார். குதிரை மணக்குது, நில்லும், இங்கேயே கொண்டுவாறன் என்றார். றெஜானிலும் அதே மணம்தான். வலன்ரைன் சமையலறைப் பின்கதவடியில் நின்று, கடதாசித் தட்டில் வந்த சோற்றைத் தின்றான். கறி நன்றாகத்தான் இருந்தது.

மேளம் தொடங்கியது. முத்து காதை முன்னால் வைத்துக்கொண்டு அவனுடைய பையை மூக்கால் தேடியது. பிள்ளையையும் தோழிகளையும் சாரட்டில் ஏற்றினார்கள். வலன்ரைன் அதற்கு ஒரு கரட் துண்டு கொடுத்தான். இதுவரைக்கும் ஒரு பிசகும் இல்லை. அப்போது தங்கராசாவின் அக்கா ஞானாம்பிகை, பிள்ளையின் மாமி, தாம்பாளத்தில் தேங்காயும் கற்பூரமும் தேசிக்காயும் வைத்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

தேசிக்காய்களைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தார்கள். அதுவரைக்கும் சரி. தேங்காயில் கற்பூரத்தை வைத்ததும் வலன்ரைன் தலையை ஆட்டினான்.

"அக்கா, தேங்கா வேணாம். குதிர வெருண்டிரும்."

"குமர்ப்பிள்ளை ஏறியிருக்கிற வாகனம் தேங்காய் உடைக்காமல் வெளிக்கிடுறதோ?" என்றாள் ஞானாம்பிகை. பிறகு அவனுடைய கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தாள். "நீர் வேதக்காரர். உமக்கு உது விளங்காது."

அந்தச் சொல் அவனுக்குச் சுட்டது. இருபது வருசமாக இவர்களுடைய கலியாணமும் கோயிலும் பார்த்தவன், பின்கதவடியில் நின்று சோறு தின்றுவிட்டு வந்தவன், இப்போது இதுவும் தெரியாதவன் ஆகிவிட்டான். றெஜானிடம் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கிவந்து நிறுத்தியிருப்பார். சனத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனை விட்டுத் தடுத்தான் என்ற பேச்சு வரும் என்று நினைத்தான். தங்கராசாவைப் பார்த்தான். வீடியோக்காரர் கையைக் காட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு தேங்காய்தானே தம்பி, பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்றார் தங்கராசா.

கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் அடியுங்கள் என்று மட்டும் வலன்ரைன் கேட்டுக்கொண்டான். கடிவாளத்தை இறுக்கிப் பிடித்து, முத்துவின் கண்ணுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மறைத்தான். ஆனால் பக்கவாட்டில் அடித்தால் கமெராவுக்குத் தெரியாது. தங்கராசா எரிகிற கற்பூரத்தோடு தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, பலம் கொண்ட மட்டும் குதிரையின் காலடியிலேயே அடித்தார். சிரட்டைத் துண்டொன்று பறந்துபோய் முத்துவின் முன்காலில் பட்டது. நெருப்பு தாரில் சிதறியது.

முத்து முன்கால்களைத் தூக்கி எழும்பியது. அதோடு வலன்ரைனும் நிலத்தைவிட்டு எழும்பினான். இறங்கியதும் அது பின்னால் தள்ளியது. சாரட்டு கோணிக்கொண்டு நிறுத்தியிருந்த கார்களை நோக்கிப் போனது. உள்ளே பிள்ளைகள் கத்தினார்கள். மேளக்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலன்ரைன் கையை விடவில்லை. விட்டால் குதிரை தெருவுக்கு ஓடும், பிள்ளைகள் வண்டியோடு போவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தலையைப் பிடித்துத் திருப்பினான். வண்டியும் அவன் பக்கம் திரும்பியது, முன்சில்லு அவனுடைய இடது பாதத்தின் மேலே ஏறி இறங்கியது. அப்போதும் விடவில்லை. குதிரையின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றான். நடுங்கி நடுங்கி அது அடங்கியது.

பிள்ளையை இறக்கினார்கள். ஒரு கீறல் இல்லை. முத்துவின் முழங்காலில் கொஞ்சம் இரத்தம் வந்தது. றெஜான் உடனே மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தார். வலன்ரைன் சப்பாத்துக்குள் சூடாக என்னவோ நிறைவதை உணர்ந்து, வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தங்கராசாதான். கார்ச் சீற்றில் பிளாஸ்ரிக் விரித்து இருத்திக் கொண்டுபோனார். அவசர சிகிச்சை மேசையிலிருந்த தாதி, வேலை செய்யும்போது நடந்ததா என்று கேட்டாள். வலி உச்சந்தலையில் நின்றதால் வலன்ரைன் வாயைத் திறக்க முதல் தங்கராசா முந்திக்கொண்டார். வேலையில்லை, குடும்ப விழா, இவர் எங்கள் சொந்தக்காரர், குதிரை வெருண்டதைப் பார்த்து உதவிக்கு ஓடி வந்தவர் என்றார். தாதி அதையே எழுதினாள். வலன்ரைன் மறுத்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனுக்குக் காலை யாராவது வெட்டியெடுத்தால் போதும் என்று இருந்தது.

முழுவதையும் வெட்டவில்லை. இரண்டு விரல்களை எடுத்துவிட்டு மிச்சத்துக்குத் தகடு வைத்தார்கள். நெடுநேரம் நிற்கிற வேலை இனிச் சரிவராது என்றார் வைத்தியர்.

மொன்ட்ரியால்-நோரில் அவர்களுடைய வீடு இரண்டாம் மாடியில். வலன்ரைன் படியில் குந்திக் குந்தி ஏறி, சோபாவில் காலை நீட்டியபடி கிடந்தான். றோசலின் பகலில் பிள்ளைகளைப் பராமரிக்கிற ஒரு கார்டறியின் சமையலறையில் நின்றாள். இப்போது பின்னேரங்களில் கந்தோர் துப்பரவு வேலைக்கும் போகத் தொடங்கினாள். கார்ப்பார்க்கில் குதிரை எழும்பிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. யாரோ முறைப்பாடு செய்ய, தொழில் விபத்து அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து விசாரிக்கப்போகிறார் என்று செய்தி வந்தது.

அதற்கு முதல் நாள் தங்கராசாவும் றெஜானும் சேர்ந்து வந்தார்கள். தங்கராசாவின் கையில் பலகாரப் பெட்டி. அதன் மேலே பொன்விளிம்பு வைத்த அழைப்பிதழ். நடந்து முடிந்துபோன சாமத்திய வீட்டின் அழைப்பிதழ்தான். உறையில் புது மையில் எழுதியிருந்தது: திரு. திருமதி வலன்ரைன் குடும்பம். றோசலின் அதைக் கையில் வாங்காமல் மேசையைக் காட்டினாள். தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள், அதில் சீனி போட மறந்துபோனாள், அல்லது மறக்கவில்லை.

றெஜான் பிரெஞ்சில் பேசினார். வலன்ரைனுக்கு லாயத்தில் கேட்டுக்கேட்டுப் படிந்த பிரெஞ்சு அது, ஆனாலும் தங்கராசா இடையில் புகுந்து மொழிபெயர்த்தார். வலன்ரைன் வேலைக்காரன் என்று வெளிவந்தால், பதிவில்லாமல் வைத்திருந்ததற்கு அபராதம் வரும், காப்புறுதி போகும், லாயத்தை மூட வேண்டும். மூடினால் எல்லாக் குதிரையும் லொறிதான், முதலில் முத்து. வலன்ரைன் தாதியிடம் சொன்னபடியே அதிகாரியிடமும் சொன்னால், ஒன்றும் மாறாது. முத்து இருக்கும். கால் ஆறிய பிறகு வலன்ரைனுக்கு இருந்தபடியே செய்கிற வேலை இருக்கும். இது என் வாக்கு என்றார் றெஜான். அதைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்தார்.

தங்கராசாவுக்கும் கவலை இருந்தது. தேங்காய் உடைத்தவர் அவர். மண்டபக்காரர் அவரைத்தான் பிடிப்பார்கள்.

"மச்சான் முறை எண்டு சொன்னால் காணும், தம்பி" என்றார். "நாங்கள் எல்லாரும் ஒரு தாய்ப்பிள்ளையள்தானே."

சமையலறைக் கதவடியில் நின்ற றோசலின் கேட்டாள்: "ஒரு தாய்ப் புள்ளயளெண்டா, அண்டைக்கு ஏன் இவர வெளியில வெச்சுச் சோறு குடுத்தீங்க?"

தங்கராசா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். அது பந்தி நெருக்கம் பிள்ளை என்றார். அவள் என்ன கேட்டாள் என்று றெஜான் விசாரித்தார், தங்கராசா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு றோசலின் கத்தவில்லை. சோபாவின் ஓரத்தில் வந்து இருந்தாள். கார்டறியில் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னாள். பதிவில்லாமல் வேலை செய்தவனுக்கும் இந்த நாட்டில் உரிமை இருக்கிறதாம். உள்ளதைச் சொன்னால் கால் சரிவரும்வரை அரசாங்கம் பார்க்குமாம், சரிவராவிட்டால் அதற்கும் வழி இருக்கிறதாம். வீடியோவில் அவன் குதிரையைப் பிடித்து நிற்பது எல்லோருக்கும் தெரிகிறதே என்றாள்.

"உள்ளதச் சொன்னா லொறி வந்திரும் புள்ள."

"அது குதிர. நீங்க மனிசன்."

அவள் சொல்வது சரியென்று அவனுக்குத் தெரியும். தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. ஒரு மிருகத்துக்காகப் பெண்சாதியை இரண்டு வேலைக்கு அனுப்புகிற ஆம்பிளையைப் பற்றி வேறு யாராவது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். ஆனால் கண்ணை மூடினால் முத்து கதவடியில் நின்று, நெற்றியைச் சாய்க்க ஆளைத் தேடுவது தெரிந்தது. அந்தத் தேங்காயைத் தடுக்காமல் நின்றது யார்? அது வெருண்டதற்குத் தண்டனை அதற்கு மட்டும் என்றால் அவனால் தாங்க முடியாது. றோசலின் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய் விளக்கை நூர்த்தாள்.

அதிகாரி இளம் பெண். பொன்ஜூர் என்று சிரித்துக்கொண்டு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அவனுடைய காலைப் பார்த்ததும் உண்மையாகவே முகம் வாடினாள். அது வலன்ரைனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தங்கராசா பக்கத்துக் கதிரையில், உறவுக்காரர் இருக்கிற மாதிரி, காலை அகட்டி இருந்தார். நீங்கள் அங்கே வேலை செய்யவில்லையா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். விருந்தாளியா? ஓம், வீடியோவில் குதிரையைப் பிடித்து நிற்பது உதவிக்கு என்றான். தங்கராசா அழைப்பிதழை எடுத்து நீட்டினார். அவளுக்குத் தமிழ் தெரியாது, பொன்விளிம்பைத் தடவிப் பார்த்து அழகாயிருக்கிறது என்றாள்.

அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"கூசான்" என்றான் வலன்ரைன். மச்சான் முறையைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஒன்றுவிட்ட உறவுக்கெல்லாம் பொதுவான அந்தச் சொல்லைச் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.

விழா நடந்த பிள்ளையின் பெயர் என்ன என்று அடுத்ததாகக் கேட்டாள். சும்மா நிரப்புவதற்காகக் கேட்டதுதான். வலன்ரைன் விறைத்துப் போனான். அந்தப் பிள்ளையைச் செல்லம் என்றும் குட்டி என்றும்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். குதிரையின் தாய்க்குதிரை பெயர்கூட அவனுக்குத் தெரியும், இந்தப் பிள்ளையின் பெயர் தெரியாது. தங்கராசா தொண்டையைச் செருமினார். மேசையில் கிடந்த அழைப்பிதழில் வலன்ரைனின் கண் போனது. தங்க எழுத்தில் பெரிதாக இருந்தது.

"துவாரகா" என்று வாசித்தான்.

அழகான பெயர் என்றாள் அதிகாரி. அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். உங்களுக்கு வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. சமையலறையில் றோசலின் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டுக்கொண்டு நின்றாள். இல்லை, மெர்சி என்றான் வலன்ரைன். குழாய் மறுபடி திறக்கிற சத்தம் கேட்டது.

போகும்போது தங்கராசா அவனுடைய தோளைப் பிடித்து, இனி நீர் எங்கட ஆள், கடைப்பக்கம் வாரும், என்ன தேவையெண்டாலும் எடுத்துக்கொண்டு போம் என்றார். வலன்ரைன் போகவில்லை. றோசலின் ஒருநாள் வேறு அலுவலாக அந்தப் பக்கம் போனவள் அரிசி வாங்க உள்ளே நுழைந்தாள். கல்லாவில் இருந்த தங்கராசாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

விசாரணையை முடித்துவிட்டதாக அறிவித்தல் வந்தபோது மரங்கள் மொட்டையாகிவிட்டன. வலன்ரைன் தடியூன்றி நடக்கப் பழகியிருந்தான். றெஜானுக்குப் போன் எடுத்தால் இன்னும் ஆறட்டும், அவசரப்படாதே என்பார். முத்து எப்படி என்று கேட்டால் நன்றாகத் தின்கிறது என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போனை வைக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கால் போனாலும் பரவாயில்லை, பொய் சொன்னதுக்கு அதுவாவது மிஞ்சியது என்று நினைத்துக்கொள்வான்.

முதல் பனி விழுந்த வாரத்தில் றெஜானே போன் எடுத்தார். வரமுடியுமா, கொஞ்ச வேலை இருக்கிறது என்றார். வலன்ரைன் றோசலினுக்குச் சொல்லிச் சிரித்தான். அவள் அவனுடைய இடது காலுக்கு இரண்டு காலுறை போட்டுவிட்டு, சப்பாத்தின் முன்பக்கத்தில் விரல்கள் இருந்த இடத்தைப் பழைய துணியால் அடைத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் போகும்போது பையில் கரட் வைத்துக்கொண்டான்.

லாயத்து முற்றத்தில் லொறி நின்றது. பின்கதவு திறந்து, ஏறுபலகை நிலத்தில் சாய்ந்து கிடந்தது. உள்ளே இருட்டில் வேறு இரண்டு குதிரைகள் நின்று நிலத்தை உதைத்தன. முத்து பலகைக்கு முன்னால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. அதன் விலாவில் தடித்த கோடுகள் இருந்தன. லொறிக்காரன் வியர்த்துப்போய், மின்சாரம் வைக்கிற கோலைக் கையில் பிடித்திருந்தான்.

றெஜான் அவனுடைய முகத்தைப் பார்க்காமல் பேசினார். அவர் வாக்கை மீறவில்லையாம். விசாரணை முடியும்வரை வைத்திருந்தாராம். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு ஒருவரும் இந்தக் குதிரையைக் கேட்பதில்லை, வாங்கவும் ஆளில்லை, குளிர்காலம் முழுக்கப் புல் போட அவரால் முடியாது. லாயத்தையே வசந்தத்தில் விற்கப்போகிறாராம், கட்டடக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். காலையிலிருந்து மூன்று பேர் இழுத்தும் அடித்தும் இது ஏறவில்லை. உன் சொல்லைக் கேட்கும் என்றார்.

வலன்ரைன் அவரைப் பார்த்தான். எனக்குத் தந்த வாக்கு என்று கேட்க வாய் வந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத ஆள், எந்த வாக்கைப் பற்றி யாரிடம் கேட்பது? கூசானிடமா? திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்து இரண்டடி வைத்தான். பின்னால் கோல் சரசரத்தது, முத்து கத்தியது. அந்தச் சத்தத்தை அவன் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அவன் திரும்பி வந்து லொறிக்காரனிடம் கோலைக் கீழே வைக்கச் சொன்னான். கயிற்றை வாங்கினான். முத்து நெற்றியைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் சாய்த்தது. தடியோடு சேர்த்து அவனைத் தள்ளிவிடுகிற அளவுக்குச் சாய்த்தது. கரட்டை எடுத்துக் கொடுத்தான். அது தின்று முடிக்கும்வரை கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நின்றான். அவன் அழுதான், மறைக்கவும் இல்லை.

பிறகு முன்னால் நடந்தான். பலகையில் பனி உறைந்து வழுக்கியது. குறுக்குக் கட்டைகள் அடித்திருந்தன, ஒவ்வொரு கட்டையிலும் தடியை ஊன்றி, நல்ல காலை வைத்து, மற்றக் காலை இழுத்துப் போட வேண்டியிருந்தது. கயிறு தளர்ந்தே கிடந்தது. கீழேயிருந்து லொறிக்காரன் நேரம் போகிறதென்று கெதிபண்ணச் சொன்னான். முத்து கெதிப்படவில்லை. அவனுடைய கால் அடுத்த கட்டையில் ஊன்றும்வரை ஒவ்வொரு தடவையும் நின்று, தலையைத் தாழ்த்திக் காத்திருந்து, பிறகுதான் தன் காலை எடுத்து வைத்தது.